வீல் மாத்தினப்புறம் மலையில வண்டி மக்கர் பண்ணுதா? குறைய பாத்து தேடற வழி

கோயமுத்தூர் அவிநாசி ரோட்ல ஓட்டி பாத்து "சூப்பரா இருக்கு"ன்னு கையெழுத்து போட்ட வண்டி, கல்லாறு தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவு வந்ததும் வேற வண்டி ஆயிடும். பெரிய ரிம்மு, அகல டயரு, இறக்கி வச்ச சஸ்பென்ஷன், இதுல இருக்கற தப்பெல்லாம் சமவெளியில வாய தொறக்காது, மேட்டுப்பாளையம் குன்னூர் நடுவுல இருக்கற 14 வளைவுல ஒண்ணொண்ணா வெளிய வரும். அதனால என்ன குறை, எப்ப வருது, ஏறும்போதா இறங்கும்போதான்னு பாத்து தேடற மாதிரி எழுதி இருக்கேன். உங்க குறை எதுவோ நேரா அங்க போயிடுங்க, ஆனா பிரேக் பத்தி இருக்கறத மட்டும் எல்லாரும் படிச்சுடுங்க.

என் கட்சி என்னன்னு முன்னாடியே சொல்லிடறேன், அப்புறம் சண்டைக்கு வராதீங்க. நீலகிரில ஓட்டறவங்களுக்கு ரிம் சைஸ ஒரு இன்ச் ஏத்தறதுங்கறது அலங்காரம், ஒரு இன்ச் குறைச்சு வெயிட் கம்மியான வீல் போடறது தான் மாடிஃபிகேஷன்.

முதல்ல வண்டியோட ஜாதகம்

எந்த குறைய தேடறதுக்கு முன்னாடியும் நாலு விஷயம் கையில இருக்கணும்: பிசிடி (நட்டு எத்தனை, அது உக்கார்ற வட்டம் எவ்வளவு; 4×100ன்னா நாலு நட்டு, 100 மில்லிமீட்டர் வட்டம்), சென்டர் போர் (வீலோட நடு ஓட்டை, மில்லிமீட்டர்ல), ஆஃப்செட் (வீல் வண்டியோட ஒட்டற முகம் ரிம் நடுக்கோட்ட விட்டு எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்குங்கறது; எண்ணு குறைஞ்சா வீல் வெளிய தள்ளும்), நட்டோட மரை (எம்12×1.5ன்னா நட்டு ஏர்ற ஸ்டட் 12 மில்லிமீட்டர், மரைக்கு மரை 1.5). கடைக்காரர் "எல்லாம் செட் ஆகும் சார்"னு சொல்றது கணக்குல வராது. மஸ்டா எம்எக்ஸ்-5ல இப்ப இருக்கற என்டி மாடலுக்கு 4×100, போர் 54.1, மரை எம்12×1.5. டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் ரெண்டும் ஒரே வண்டி மாதிரி தான், 5×100, போர் 56.1, மரை எம்12×1.25. நம்ம நாட்டுலயே ஷோரூம்ல வித்த மிட்சுபிஷி எவோ டென்னுக்கு 5×114.3, போர் 67.1, எம்12×1.5. நிசான் 370இசட்டுக்கும் 5×114.3 தான், ஆனா போர் 66.1, மரை 1.25. பாத்தீங்களா, எவோ வீல் 370இசட்ல உக்காரும், 370இசட் வீல் எவோல உக்காராது, ஒரு மில்லிமீட்டர் தான் வித்தியாசம். இந்த காரெல்லாம் நமக்கு எட்டாதுன்னு ஸ்விஃப்ட், பழைய சிட்டி விடெக் வச்சு ஆசைய தீத்துக்கறவங்களுக்கும் இதே கணக்கு தான்: ரெண்டும் 4×100, ஆனா ஸ்விஃப்ட் போர் 54.1 மரை 1.25, ஹோண்டா போர் 56.1 மரை 1.5.

மரை மாறி போச்சுன்னா கேக்கவே வேண்டாம். 1.5 நட்ட 1.25 ஸ்டட்ல ஏர் கன் வச்சு அடிச்சா முதல் ரெண்டு சுத்து ஏறும், அப்புறம் மரைய தின்னுட்டு தான் நிக்கும். நட்ட எப்பவும் கையால அஞ்சாறு சுத்து விட்டுட்டு தான் ஸ்பேனர் போடணும், கையால போகலன்னா ஏதோ தப்பு.

80, 90ல ஸ்டியரிங் ஆடுது

மேல இருக்கும்போது இது தெரியாது, ஊட்டி குன்னூர் ரோட்ல 80 போற இடம் எங்க இருக்கு. மேட்டுப்பாளையம் இறங்கி காரமடை பக்கம் நேர் ரோட்ல மிதிச்சதும் கை நடுங்க ஆரம்பிக்கும். உடனே பேலன்ஸிங் கடைக்கு போகாதீங்க. மழை நாள்ல எஸ்டேட் ரோடு ஓட்டி இருந்தீங்கன்னா ரிம்முக்கு உள்பக்கம் செம்மண் ஒரு கட்டியா ஒட்டி காஞ்சிருக்கும், அது ஒண்ணு போதும் வீல் ஆட. உள்பக்கம் தண்ணி அடிச்சு கழுவிட்டு ஓட்டி பாருங்க, காசே இல்லாம தீர்ற வைத்தியம் இது.

கழுவியும் ஆடுதா, வீல கழட்டி, அது மாட்டற ஹப்ப பாருங்க. நம்ம ஊர் ஈரத்துக்கு ஹப் முகம் துரு பிடிச்சு மேடு தட்டி இருக்கும், அதுமேல புது அலாய் உக்காந்தா கோணலா தான் உக்காரும், கம்பி பிரஷ் போட்டு தேச்சு எடுத்துடுங்க. அடுத்து சென்டர் போர். கடையில வாங்கற வீல் பல வண்டிக்கும் சேரட்டும்னு 73.1 மாதிரி பெரிய ஓட்டையோட வரும், உங்க ஹப் 56.1, நடுவுல இருக்கற சந்துக்கு ரிங் போடணும். ரிங் இல்லாமயும் நட்டு நடுவுக்கு இழுத்துக்கும்னு சொல்றது பாதி உண்மை, ஒவ்வொரு தடவ கழட்டி மாட்டும்போதும் அதே நடுவுல உக்காரும்னு உத்தரவாதம் கிடையாது. ஓயாம பிரேக் போட்டு இறங்கறவங்க அலுமினியம் ரிங்கே வாங்குங்க, பிளாஸ்டிக் ரிங் சூட்டுல உருகி ஒட்டிக்கும்.

அதுக்கப்புறம் நட்டு உக்கார்ற இடம். ஹோண்டா கம்பெனி வீலுக்கு நட்டோட அடி உருண்டையா இருக்கும், வெளிய வாங்கற வீல் முக்கால்வாசி 60 டிகிரி கூம்பு கேக்கும், டொயோட்டா அலாய் பலதுக்கு தட்டை வாஷர் வச்ச நீள நட்டு. உருண்டை நட்ட கூம்பு குழியில போட்டு இறுக்கினா டார்க் ரெஞ்சு "டக்"னு சொல்லும், ஆனா தொடற இடம் ஒரு மெல்லிய கோடு தான், கொஞ்ச தூரம் ஓடினதும் தளரும். புது வீல் மாட்டி 50, 100 கிலோமீட்டருக்குள்ள ஒருதடவ மறுபடியும் டார்க் பாத்துடுங்க. இதெல்லாம் சரின்னா தான் பேலன்ஸிங், அதுலயும் சரியாகலன்னா ரிம் நெளிஞ்சிருக்கு.

முழுசா ஒடிச்சா உரசுது

ஆஃப்செட் கணக்கு போடாம வாங்கினதோட பலன் இது. ஒரு உதாரணம்: பழைய வீல் 7 இன்ச் அகலம் +45, புதுசு 8 இன்ச் +35. அகலம் ஒரு இன்ச் கூடினதுல பக்கத்துக்கு 12.7 மில்லிமீட்டர், ஆஃப்செட் 10 குறைஞ்சதுல அது வெளிய தள்ளும். ஆக வெளிப்பக்கம் 22.7 கூடுது, உள்பக்கம் 2.7 மட்டும் தான். அப்ப உரசல் ஃபெண்டர் (டயருக்கு மேல வளைஞ்சு இருக்கற தகரம்) ஓரத்துலயோ பம்பர் முனையிலயோ தான் வரும், உள்ள ஸ்ட்ரட்ல (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேந்த தூண்) இல்ல. இத பேப்பர்ல போட்டு பாத்தாலே எங்க தேடணும்னு தெரிஞ்சுடும்.

வீட்டு வாசல்ல ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் ஒடிச்சு பாத்து "உரசல"ன்னு சொல்றது செல்லாது. இறங்கற வளைவுல பிரேக் போட்டுட்டே ஒடிக்கும்போது வண்டி எடை மொத்தமும் வெளிப்பக்க முன் டயர் மேல சாயும், ஸ்பிரிங் அமுங்கும், அப்ப தான் நிஜ இடைவெளி எவ்வளவுன்னு தெரியும். ஃபெண்டர் உள்பக்கமும் லைனர்லயும் சாக்பீஸ் தடவிட்டு குஞ்சப்பனை வளைவுல ரெண்டு இறங்குங்க, எங்க அழிஞ்சிருக்கோ அங்க தான் உரசுது. பிளாஸ்டிக் லைனர்ல லேசா பட்டா கிளிப்ப இழுத்து கட்டி சமாளிக்கலாம். ஃபெண்டர் தகர ஓரம் டயர தொட்டா விளையாட்டு இல்ல, தோள்பட்டைய கத்தி மாதிரி சீவிடும். அதுக்கு ஃபெண்டர் ரோல் பண்றத (ஓரத்த உள்பக்கம் மடக்கறத) விட டயர ஒரு சைஸ் குறைக்கறது நல்லது, ஏன்னா ரோல் பண்ற இடத்துல பெயின்ட் வெடிச்சா நம்ம மழைக்கு அடுத்த வருஷமே துரு.

உள்பக்கம் ஸ்ட்ரட்ல இடிச்சா ஸ்பேசர் (வீலுக்கும் ஹப்புக்கும் நடுவுல வைக்கற தட்டு) போடலாம்னு சொல்வாங்க. ஸ்பேசர் போட்டப்புறம் நட்டுக்கு எத்தனை சுத்து மரை மிச்சம்னு எண்ணுங்க, ஸ்டட் எவ்வளவு கனமோ குறைஞ்சது அவ்வளவு ஆழம் நட்டு பிடிச்சிருக்கணும், 12 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்கு 1.5 மரைன்னா எட்டு சுத்து, 1.25ன்னா பத்துக்கு பக்கம். அது வரலன்னா நீள ஸ்டட் மாத்தணும், இல்ல ஸ்பேசர விட்டுடணும்.

இறங்கும்போது பிரேக் நாத்தம், பெடல் கீழ போகுது

மத்ததெல்லாம் செலவு, இது உயிர். குன்னூர் சுமார் 1850 மீட்டர், மேட்டுப்பாளையம் 325 பக்கம், நடுவுல 1500 மீட்டர் இறக்கம். 1400 கிலோ வண்டி அவ்வளவு இறங்கினா வெளிய வர்ற சக்தி ரெண்டு கோடி ஜூல், கரண்ட் கணக்குல கிட்டத்தட்ட ஆறு யூனிட். இதுல இன்ஜினும் காத்தும் தின்னது போக மிச்சம் மொத்தமும் நாலு டிஸ்க்ல சூடா இறங்கணும். ஆட்டோமேட்டிக் கியர டி-ல போட்டு காலை பிரேக் மேலயே வச்சுட்டு வர்றவங்க வண்டி பர்லியார்ல நிக்கும்போது வர்ற வாசனை உங்களுக்கே தெரியும்.

ரெண்டு விதமான குறை இருக்கு, காலுக்கு தெரியற வித்தியாசம் வச்சே பிரிச்சுடலாம். பெடல் கல்லு மாதிரி கெட்டியா இருக்கு ஆனா வண்டி நிக்க மாட்டேங்குதுன்னா பேடு சூடேறி பிடிப்ப விட்டுடுச்சு. பெடல் பஞ்சு மாதிரி ஆயி கீழ போகுதுன்னா ஆயில் கொதிச்சு உள்ள ஆவி நிக்குது. முதல்ல சொன்னதுக்கு பேடு மாத்தணும், ரெண்டாவதுக்கு ஆயில். இத பிரிக்காம பெரிய டிஸ்க், பெரிய காலிபர் (பேட டிஸ்க்ல அமுக்கற பாகம்) கிட்டுன்னு போறவங்கள பாத்தா பாவமா இருக்கும், ஐநூறு ஆயிரம் ரூபா ஆயில் வேலைக்கு லட்சத்த கொட்டறாங்க.

பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சும். டாட் 4 புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி தாங்கணும், ஈரம் ஏறினப்புறம் அந்த தரத்துல கேக்கறது 155 தான். டாட் 5.1ல 260, ஈரத்தோட 180. ஆறு மாசம் மழையும் பனிமூட்டமும் இருக்கற ஊர்ல எது சீக்கிரம் நடக்கும்னு யோசிச்சுக்கங்க, ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவன்னு புக்ல போட்டிருந்தா நாம வருஷத்துக்கு ஒருதடவ, மழை முடிஞ்சதும் மாத்தறது நல்லது. டாட் 5 மட்டும் வேற ஜாதி, அது சிலிக்கான், மத்ததோட சேராது, ஏபிஎஸ் வண்டில ஊத்தவே ஊத்தாதீங்க.

பேடு எடுக்கும்போது ரேஸ் பேடு ஆசை வரும். அதுல பல பேடு சூடேறினா தான் கடிக்கும், ஜனவரி காலையில லவ்டேல் வீட்ட விட்டு இறங்கற முதல் வளைவுல கடிக்காது. ரோட்டுக்கும் வேகமா ஓட்டறதுக்கும் நடுவுல இருக்கற பேடு போதும். வீலுக்கும் இதுல பங்கு இருக்கு: முகம் மூடின மாதிரி டிசைன் ரிம் டிஸ்க்குக்கு காத்த விடாது, ஸ்போக் மெல்லிசா திறந்து இருக்கறது நல்லது. காலிபர் பெருசா இருக்கற எவோ மாதிரி வண்டிக்கு வீல் குறைக்கறதுக்கு முன்னாடி ஸ்போக்குக்கும் காலிபருக்கும் சந்து இருக்கான்னு அட்டை வெட்டி வச்சு பாத்துக்கணும், எண்ணு ஒத்து வந்தா மட்டும் பத்தாது.

நடு வழியில பெடல் போச்சுன்னா கியர குறைச்சு வேகத்த இழுத்து ஓரம் கட்டுங்க, அப்படியே ஆற விடுங்க. டிஸ்க் மேல தண்ணி ஊத்தாதீங்க, விரிசல் விடும். பின்னாடி கல்லு வச்சு நிறுத்துங்க, கொதிக்கற டிஸ்க்ல ஹேண்ட்பிரேக் இழுத்து பிடிச்சு வைக்க வேண்டாம். கல்லட்டி 36 வளைவுல ரெண்டாவது கியர் கூட பல இடத்துல அதிகம்.

குழியில விட்டதும் காத்து இறங்குது, ரிம் நெளிஞ்சுது

215/45 ஆர்17 (அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதுல 45 சதவீதம், ரிம் 17 இன்ச்) டயர்ல ரோட்டுக்கும் ரிம்முக்கும் நடுவுல 97 மில்லிமீட்டர் ரப்பர். அதே வண்டிக்கு 225/35 ஆர்19 போட்டா 79. 205/55 ஆர்16 போட்டா 113, மொத்த உயரம் 625க்கு 632, மீட்டர் கூட பெருசா மாறாது. மழைக்கப்புறம் ரோட்டோரம் அரிச்சு போய் தார் விளிம்பு கத்தி மாதிரி நிக்கும், எதுர பஸ் வந்தா அதுல தான் இறங்கணும், அங்க அந்த 34 மில்லிமீட்டர் ரப்பர் தான் உங்க ரிம்ம காப்பாத்தும். ஒரு இன்ச் குறைக்க சொல்றேனே, காரணம் இது தான்.

டுப்ளிகேட் வீல் பத்தி ஒரு வார்த்தை. ரேஸ் (Rays)ங்கற ஜப்பான் வீல் கம்பெனியோட டிஇ37 வீல் 1996ல வந்தது, ஃபோர்ஜ் பண்ணது (அழுத்தி அடிச்சு செஞ்சது), 15 இன்ச்சுல 3.7 கிலோ எடைங்கறதால தான் பேர்ல 37. அதே ஆறு ஸ்போக் டிசைன்ல இங்க கிடைக்கறது வார்ப்பு, பாக்க அப்படியே இருக்கும், தூக்கி பாத்தா தெரியும். வெயிட் ஆசை பட்டு ரொம்ப மெல்லிசா வாக்கறது இன்னும் மோசம், நெளியாது, விண்டுடும். ஜப்பான் தர முத்திரையில ஜேடபிள்யூஎல் தயாரிக்கறவங்களே குத்திக்கறது, விஐஏ முத்திரை தான் வெளியாள் சோதிச்சது, ரெண்டும் இருக்கான்னு பாருங்க. நெளிஞ்ச அலாய சூடு பண்ணி நிமித்தி தர்ற கடை எல்லா ஊர்லயும் இருக்கு. லேசான நெளிவுக்கு ஓகே, விரிசலுக்கு வெல்டு வச்ச வீல மலைக்கு கொண்டு வராதீங்க.

ஸ்பீடு பிரேக்கர்ல அடி தட்டுது, பின்னாடி "டம்"முங்குது

இறக்கற ஸ்பிரிங் மட்டும் போட்டு பழைய ஷாக்க விட்டிருப்பீங்க. ஷாக்கோட பயணம் பாதி போச்சு, மிச்சத்துக்கு பம்ப் ஸ்டாப்புங்கற ரப்பர் கட்டை தான் சஸ்பென்ஷன். ஏத்திடுங்க, இல்ல உயரம் திருகற காயில்ஓவர் போட்டு 15, 20 மில்லிமீட்டருக்கு மேல இறக்காதீங்க. வேற பேச்சு இல்ல.

டயர் ஒரு ஓரமா தேயுது

உள்ஓரம் தேஞ்சா முதல் சந்தேகம் டோ (மேல இருந்து பாத்தா டயர் உள்ளயோ வெளியவோ திரும்பி இருக்கற கோணம்) மேல, இறக்கினப்புறம் அலைன்மென்ட் பாக்காம ஓட்டி இருக்கீங்க. கேம்பர் (முன்னாடி இருந்து பாத்தா டயர் சாஞ்சிருக்கற கோணம்) மட்டும் கொஞ்சம் கூடினா டயர் அவ்வளவு சீக்கிரம் போகாது, டோ கெட்டா சில ஆயிரம் கிலோமீட்டர்ல கம்பி தெரியும். மலை ஆளுங்களுக்கு இதுக்கு நேர் மாறா முன் டயர் வெளிஓரம் தேயும், வளைவு வளைவா ஒடிச்சு ஓட்டறதால. மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் வண்டிக்கு முன்னாடி நெகட்டிவ் கேம்பர் (டயரோட மேல்பக்கம் உள்ள சாயறது) ஒண்ணரை டிகிரி பக்கம் வச்சா ரெண்டு ஓரமும் சமமா தேயும், மூக்கும் வளைவுக்குள்ள நல்லா போகும். அலைன்மென்ட் கடைக்காரர் பச்சை கலர் வந்தா போதும்னு அனுப்ப பாப்பார், உங்களுக்கு வேணுங்கற எண்ண எழுதி கையில குடுங்க.

காலையில பிடிப்பே இல்ல

டயர் மேல தப்பில்ல, குளிர் மேல. டிசம்பர் ஜனவரில ஊட்டி தலைகுந்தா பக்கம் புல்லு மேல உறைபனி நிக்கும், கோடை ரப்பர் 7 டிகிரிக்கு கீழ கெட்டி ஆயிடும். 200 ட்ரெட்வேர் (எண்ணு குறைய குறைய ரப்பர் மெதுவா இருக்கும், சீக்கிரம் தேயும்) டயர் கோயமுத்தூர் ரேஸ் டிராக் கரி ஸ்பீட்வேல வெயில்ல சுத்த அருமையா இருக்கும், பனி காலையில தைலமர இலை ஒட்டின ரோட்ல வழுக்கும். தினம் ஓட்டற வண்டிக்கு 300 பக்கம் இருக்கற, மழை காடி நல்லா ஆழமா வெட்டின டயர் போதும்.

காத்து அளவுல ஒரு குழப்பம் எல்லாருக்கும் வரும். மேட்டுப்பாளையத்துல 32 பிஎஸ்ஐ வச்சு ஊட்டி ஏறினா, வெளி காத்தழுத்தம் குறையறதால மீட்டர்ல சுமார் 3 பிஎஸ்ஐ கூட காட்டணும், ஆனா 15 டிகிரி குளிர்றதால ரெண்டுக்கு மேல குறையும், கடைசில கிட்டத்தட்ட அதே எண்ணுல நிக்கும். அதனால மேல வந்ததும் அவசரப்பட்டு காத்த இறக்காதீங்க, வண்டி நல்லா ஆறினப்புறம் காலையில பாருங்க.

ஏறும்போது இழுவை இல்ல

ஃபில்டர், எக்ஸாஸ்ட்னு காசு போட்டும் இழுக்கலன்னு வருத்தப்படறவங்க ஊட்டி உயரம் 2240 மீட்டர்னு ஞாபகம் வச்சுக்கணும், அங்க காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கறதுல முக்காலுக்கு கொஞ்சம் மேல தான். டர்போ இல்லாத 86, எம்எக்ஸ்-5 எல்லாம் அஞ்சுல ஒரு பங்கு சக்திய மேட்டுக்கு குடுத்துட்டு தான் ஓடும், எந்த கோன் ஃபில்டரும் அத திருப்பி தராது. போனட்டுக்குள்ள திறந்து வச்ச கோன் ஃபில்டர் மெதுவா ஏறும்போது இன்ஜின் சூட்டையே குடிக்கும், கம்பெனி பெட்டி எவ்வளவோ மேல். உருப்படியா ஏதாவது பண்ணணும்னா வீல் வெயிட்ட குறைங்க, வளைவுக்கு வளைவு நின்னு கிளம்பற ரோட்ல அது காலுக்கே தெரியும்.

டர்போ வண்டி கதை வேற. கீழ கோயமுத்தூர்ல ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங் மாத்தறது) பண்ணது மேல வந்து அதே பூஸ்ட்ட (டர்போ தள்ற காத்தழுத்தம்) பிடிக்க பாத்தா டர்போ இன்னும் வேகமா சுத்தணும், காத்து இன்னும் சூடாகும். ரீமேப் பண்றவர்கிட்ட நான் ஊட்டில ஓட்டறேன்னு முதல்லயே சொல்லிடுங்க.

ஏபிஎஸ் லைட் எரியுது, இல்ல "ஊஊங்"னு சத்தம்

எவோ மாதிரி நாலு வீலும் இழுக்கற வண்டில முன்னாடி புது டயர், பின்னாடி தேஞ்ச டயர்னு கலந்து போடாதீங்க. சுத்தளவு மாறினா கம்ப்யூட்டர் வீல் வழுக்குதுன்னு நினைக்கும், நடு டிஃப்ரன்ஷியல் (முன் வீலுக்கும் பின் வீலுக்கும் சக்திய பிரிக்கற பாகம்) ஓயாம உரசி வேகும், அந்த பார்ட் விலைக்கு நாலு செட் டயர் வாங்கலாம். சத்தம்னா பேரிங்கா டயரான்னு வளைவுலயே கண்டுபிடிக்கலாம்: இடது பக்கம் திரும்பும்போது கூடினா வலது பக்க பேரிங், வலதுக்கு கூடினா இடது. எந்த பக்கம் திரும்பினாலும் மாறலன்னா டயர் மேடு பள்ளமா தேஞ்சிருக்கு. வீல ரொம்ப வெளிய தள்ளி வச்சவங்களுக்கு பேரிங் சீக்கிரமே போகும்.

செக்போஸ்ட்ல நிறுத்தறாங்க

கம்பெனி குடுத்த அமைப்ப மாத்தக்கூடாதுன்னு மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு சொல்லுது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணுச்சு. உங்க மாடலோட மேல் வேரியன்ட்டுக்கு கம்பெனியே குடுத்த சைஸுக்குள்ள நின்னுட்டா பேச்சு குறையும். ஃபெண்டர விட்டு டயர் வெளிய நீட்டிட்டு இருந்தா தூரத்துலயே கை காட்டுவாங்க. சத்தமான எக்ஸாஸ்ட்டோட மசினகுடி பக்கம் போறத நானே ஆதரிக்க மாட்டேன், அது யானை வழி.

ஸ்டெப்னி மாட்ட மாட்டேங்குது

பெரிய பிரேக் போட்டவங்க மறக்கற விஷயம். பழைய சின்ன ஸ்டெப்னி புது காலிபர் மேல ஏறாது, முன்னாடி பஞ்சர் ஆனா பின் வீல கழட்டி முன்னாடி போட்டு, ஸ்டெப்னிய பின்னாடி போடணும், ராத்திரி காட்டேரி பக்கம் பனிமூட்டத்துல இத பண்ணி பாருங்க தெரியும். ரிம் எண்ணெல்லாம் சரியா வாங்கினவங்களுக்கும் ஒரு பொறி இருக்கு: புது அலாய்க்கு வாங்கின நட்டு ஸ்டெப்னிக்கு பொருந்தாம போகலாம். வாசல்லயே ஒருதடவ மாட்டி பாருங்க, பழைய கம்பெனி நட்டு ஒரு செட்ட துணில சுத்தி ஜாக்கி பக்கத்துல போட்டு வைங்க.